தங்கையின் நோயும் தமக்கையின் தொண்டும்

துன்பம் வந்துற்றபொழுது சோர்ந்து அமர்பவர் பலர். அத்துன்பம் பிறரை அணுகாவண்ணம் காக்க முற்படுபவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் ஆடவர் பயிலும் கல்லூரியிற் பயின்று தேறினார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

இத்தகைய மருத்துவரின் குடும்பத்திலேயே ஒரு பெருந்துயர் நேர்ந்தது. அவர்தம் தங்கையார் குடல்நோயால் வருந்தினார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்பது பின்னரே புலனாயிற்று. 1923ஆம் ஆண்டு தங்கையார் உயிர் நீத்தார்.

இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் ஒத்த குறிகளைக் காட்டக்கூடும். மலத்தோடு குருதி கலத்தலும், அடிக்கடி மலங்கழியும் உணர்ச்சியும், வயிற்றுவலியும் இரண்டிலும் உண்டு. ஆதலின் புறக்குறிகளை மட்டுங் கொண்டு நோயைத் துணிதல் இயலாது. இந்நாளில் மருத்துவர்கள், நுனியில் விளக்கும் படக்கருவியும் பொருந்திய நெகிழ்குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைக் காண்கின்றனர். ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு திசுத்துண்டை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் ஆராய்கின்றனர். கட்டி தீயதா அன்றா என்பது அதனால் தெளிவாகும். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா என்பதை அறிய சி.டி. படம் துணைபுரியும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய பகுதிகளில் வாழும் உழைப்பாளிகள் இன்று வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே இத்தகைய சோதனைகளைப் பெறலாம்.

அம்மையார் காலத்தில் நெகிழ்குழாயும் இல்லை, சி.டி. படமும் இல்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனையும் தென்னாட்டில் இல்லை. இக்குறையைப் போக்க அவர் உறுதி பூண்டார். 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராகிப் பெண்கள் நலனுக்காகப் பாடுபட்ட காலத்தும், ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்த காலத்தும் அவ்வுறுதி தளரவில்லை. புற்றுநோய் தீராத நோய் என்று பலரும் கைவிட்டிருந்த நாளில், அன்பர்களின் துணைகொண்டு பொருள் திரட்டினார். 1952ஆம் ஆண்டு பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் திங்கள் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

1968ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார். தங்கையை இழந்த துயரம், எண்ணிறந்தோர் உயிர்காக்கும் நிலையமாக இன்றும் நிலைத்து நிற்கின்றது. நோயை மறையாது உரிய காலத்தில் மருத்துவரிடம் உரைத்தலே நாம் அம்மையார்க்குச் செலுத்தும் நன்றியாகும்.