இந்த வயசுல மார்பக ஆபரேஷன் எதுக்கு? முத்துலட்சுமி ரெட்டி எதிர்த்து நின்ற கேள்வி

அவிநாசியில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பேத்தியிடம் அம்மாயி மெதுவாகச் சொல்கிறார், மார்பில் கட்டி இருக்கு என்று. டெஸ்டில் கேன்சர் உறுதியானதும் சொந்தக்காரர்கள் சொல்வது: இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்?

கேன்சர் என்றாலே இப்படிக் கைவிட்ட காலத்தில், அதை எதிர்த்து ஒரு ஆஸ்பத்திரியையே கட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண். தேவதாசி முறைக்கு எதிரான அவரது போராட்டத்தை ஸ்கூல் புக்கிலேயே படித்திருப்போம். கேன்சர் பக்கம்தான் அதிகம் பேசப்படுவதில்லை.

1923-ல் அவருடைய தங்கை கேன்சரில் இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலி அவரை விடவே இல்லை. சென்னையில் தனி கேன்சர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-ல் கோரிக்கை வைத்தார். எப்படியும் சாகப்போகிற நோயாளிக்கு எதுக்குச் செலவு என்பதுதான் அன்றைய மனநிலை. விடாமல் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தபோது முத்துலட்சுமிக்கு 67 வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்திதான் அங்கே சர்ஜன்.

சரி, அம்மாயி விஷயத்துக்கு வருவோம். இன்று டாக்டர்கள் வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. இதயம், சுகர், நடமாட்டம், கட்டியின் அளவு எல்லாம் கணக்கில் வரும். கட்டி சின்னது என்றால் அதை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றலாம், பொதுவாக அதன்பின் ரேடியேஷன் உண்டு. 70 தாண்டிய சிலருக்கு, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் சின்னக் கட்டி என்றால், மாத்திரை மட்டும் தொடர்ந்து ரேடியேஷனைக்கூடத் தவிர்க்க முடியும். பெரிய கட்டி என்றால் மார்பை முழுதாக எடுக்க வேண்டியிருக்கலாம். மயக்க மருந்தை உடம்பு தாங்காது என்பவர்களுக்கு, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்றால் மாத்திரை மட்டுமே ஒரு வழி. ஆனால் ஆபரேஷன் தாங்கும் உடம்புள்ளவருக்கு வெறும் மாத்திரை கொடுத்தால், அதே இடத்தில் கட்டி மறுபடி வளரும் வாய்ப்பு கூடுதல். இதில் அம்மாயிக்கு என்ன விருப்பம் என்று அவரிடமே கேட்கணும். பல வீடுகளில் அது மட்டும் நடப்பதில்லை.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22-ல், 81 வயதில் காலமானார். அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி அடையாறில் இன்றும் இயங்குகிறது.