பூர்ணம் விஸ்வநாதன்: முகத்துக்கு முன்னே வந்த குரல்

பூர்ணம் விஸ்வநாதன் என்றதும் நம் அங்கத்தினர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாவில் வந்த பெரியவர்தான். 1989-ல் வந்த 'வருஷம் 16' படத்தின் தாத்தா, 1994-ல் வந்த 'மகாநதி' படத்தின் பஞ்சாபகேசன். ஆனால் அந்த முகம் பரவலாகத் தெரிவதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே அவருடைய குரல் தமிழர் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்தக் கதை இளைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது.

1921 நவம்பர் 15-ல் பிறந்த அவர், பதினெட்டு வயதிலேயே மேடை ஏறியவர். பிறகு தில்லி சென்று அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் பணியாற்றினார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசிக்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. அப்போது அவருக்கு வயது 25. அன்று சுதந்திர இந்தியாவில் இருந்த வானொலி நிலையங்கள் ஆறே ஆறு: தில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி.

செய்தி வாசிப்பது என்றால் யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படிப்பது என்று நினைக்க வேண்டாம். தில்லியில் செய்தி முதலில் ஆங்கிலத்தில் தயாராகும். தமிழ்ப் பிரிவினர் அதை அவசரமாக மொழிபெயர்த்து, குறித்த நிமிஷத்தில் வாசித்தாக வேண்டும். புதிய சட்டம், புதிய இலாகா, வெளிநாட்டு ஒப்பந்தம் என்று எது வந்தாலும், கேட்டவுடன் புரிகிற தமிழ்ச் சொல்லை அந்தக் கணமே கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர் திரும்பப் படித்துப் பார்க்க முடியாதே!

பௌதிகம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்த நாளில் தொலைதூர ஒலிபரப்பு பெரும்பாலும் சிற்றலையில்தான். வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அந்த அலை சீராக இராது. குரல் ஏறும், இறங்கும், இரைச்சல் சேரும். உயிரெழுத்துகள் எப்படியோ தப்பிவிடும். ஓசை குறைந்த மெய்யெழுத்துகள்தான் முதலில் கரையும். அதனால் வாசிப்பவரின் உச்சரிப்பு சுத்தமாக இருந்தால்தான் கேட்பவருக்குச் செய்தி. இல்லாவிட்டால் வெறும் சத்தம். இங்கே புனே சாங்வியில், உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்ட என் போன்றவர்கள் கூடினால் தில்லித் தமிழ்ச் செய்தியைப் பற்றிப் பேசாமல் கலைவதில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்த குடும்பங்களுக்கு அது செய்தியும் தந்தது, தமிழும் தந்தது.

நடிகருக்கு உணர்ச்சியைக் காட்டுவது வேலை. செய்தி வாசிப்பவருக்கு அதை அடக்குவது வேலை. நாடே ஆனந்தத்தில் மிதந்த அன்றுகூட அவர் சொல்ல வேண்டியிருந்தது செய்தியை மட்டும்தான், தம் மனநிலையை அல்ல. பிறவி நடிகர் ஒருவர் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு வருஷக் கணக்கில் உழைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடக்கி வைத்த கலையை அவர் விட்டுவிடவும் இல்லை. அது நாடகத்தில் வெளிப்பட்டது.

பிற்பாடு சென்னைக்கு வந்து, மத்திய அரசின் 'திட்டம்' இதழில் பணிபுரிந்தார். சொந்தக் குழு அமைத்து, எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் அவர் ஏற்றது, ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் வேஷம். எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டில் யாரும் அவர் பேச்சை நம்புவதில்லை. நம் வயதுக்காரர்களுக்கு அதில் சிரிப்பும் உண்டு, சுருக்கென்று தைப்பதும் உண்டு.

1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு' வந்தபோது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. அதற்குப் பிறகுதான் திரையில் அவருக்கு நல்ல காலம். 2008 பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். அதே வருஷம் அக்டோபர் 1-ல் பூர்ணமும் காலமானார்.

தொலைக்காட்சியில் 'வருஷம் 16' வந்தால் பேரன் பேத்திகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாடு விடுதலை பெற்றதைத் தமிழில் சொன்ன குரல் இந்தத் தாத்தாவுடையது என்று மறக்காமல் சொல்லுங்கள்.