படகுகளை எழுதியவர்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865–1949) பிரிட்டனைச் சேர்ந்த கடலுயிரியல் அறிஞர். ஜெர்சி தீவில் ஆய்வு செய்துவந்த அவரை முத்துச்சிப்பிகள் ஆசியாவுக்கு அழைத்துவந்தன. இலங்கையை அடுத்த மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் சில ஆண்டுகள் மலிந்திருக்கும். பிறகு பல ஆண்டுகள் கிடைக்காமற்போகும். இதன் காரணத்தை ஆராய, 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் ஹார்னெல் அங்குச் சென்றார். பேராசிரியர் விரைவில் நாடு திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார்.

பின்னர் அவர் சென்னை மாகாண மீன்வளத்துறையில் சேர்ந்து, அதன் இயக்குநராக உயர்ந்தார். மீன்பிடித் தொழிலை வளர்ப்பது அவருடைய பணி. ஆனால், அவருடைய கவனம் மீன்களோடு நிற்கவில்லை. தூத்துக்குடியில் மூழ்கி எடுக்கப்படும் சங்குகள் வங்காளத்தில் வளையல்களாக அறுக்கப்படுவதுவரை விளக்கி, 1914-இல் ஒரு நூல் எழுதினார்.

கரையில் கிடந்த படகுகளும் அவரை ஈர்த்தன. கட்டுமரம் பார்வைக்கு எளிய மிதவைதான். எனினும், மேலே ஏறும் அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். (இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கும் 'கட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்தே பிறந்தது.) துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக் கரைக்குப் பயணிகளையும் சரக்கையும் கொண்டுவந்த மசூலாப் படகில் பலகைகளை ஆணியால் அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தனர். அலை தூக்கி மணலில் மோதினாலும் அது நெகிழ்ந்துகொடுக்கும்.

மரமும் கயிறும் மக்கிப்போகும். புதிய படகுகள் வந்துவிட்டால் பழையவற்றின் அமைப்பே மறந்துபோகும். ஹார்னெல் அவற்றின் அளவையும் கட்டும் முறையையும் நுணுக்கமாகப் பதிவு செய்தார். இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றி 1920-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவற்றுள் சிலவற்றைப் பசிபிக் தீவுகளின் படகுகளோடு தொடர்புபடுத்திய அவருடைய முடிவை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. அவர் தந்த விவரங்களையோ இன்றும் தேடிப் படிக்கின்றனர்.

1924-இல் ஓய்வு பெற்றவர், அதே ஆண்டில் ஆய்வுக் கப்பலேறிப் பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். அத்தீவுகளின் படகுகளைப் பற்றி ஹேடன் என்னும் அறிஞருடன் சேர்ந்து மூன்று தொகுதிகள் எழுதினார். காவிரியில் ஓடும் பரிசலைப் பற்றி எழுதியவர், தம் தாய்நாட்டின் ஆறுகளில் ஓடிய பரிசல்களையும் விட்டுவைக்கவில்லை. உலகின் நீர்ப்போக்குவரத்து வரலாற்றைக் கூறும் பெருநூல் 1946-இல் வெளிவந்தபோது, அவர் எண்பது வயதை எட்டியிருந்தார். பல நாட்டு மீன்பிடி முறைகளைப் பற்றிய அவருடைய கடைசி நூல், அவர் மறைந்த மறு ஆண்டில் அச்சேறியது.