பந்தயக் காசில் பிறந்த ஸ்நூக்கர்… 82 வயதில் உரிமை கோரிய சேம்பர்லின்! ஊட்டிக்கு என்ன தொடர்பு?

தோற்றவர்தான் டேபிள் காசு கட்ட வேண்டும். பூல் பார்லருக்குப் போகும் நண்பர்கள் கூட்டத்தில் இது எழுதப்படாத சட்டம். வேலை முடிந்து வேலூர், ஆம்பூர் பக்கம் கியூ பிடிக்கிறவர்களுக்கு, அந்தக் குச்சியின் நுனியில் ஒட்டியிருப்பது தோல்தான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், ஸ்நூக்கர் என்ற ஆட்டமே இப்படிக் காசு கட்டி ஆடிய மேசையில் பிறந்தது என்பதும், அதன் விதிகள் நம்ம ஊட்டியில் எழுதப்பட்டன என்பதும் பலருக்குப் புதுசாக இருக்கலாம். அந்த ஆட்டத்தை உருவாக்கியவர், அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க 82 வயதில் பேனா எடுக்க வேண்டியிருந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம்.

யார் இந்த சேம்பர்லின்?

கூகுளில் நெவில் சேம்பர்லின் என்று தேடினால், இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர்தான் முதலில் வந்து நிற்பார். நாம் பார்க்கப்போவது அவர் இல்லை. இவர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லின். 1856-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ராணுவக் குடும்பம். சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு 1873-ல் டெவன்ஷயர் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். அடுத்து ஜபல்பூரில் பணி. வயது இருபதுகூட ஆகவில்லை.

'பூல்' என்றாலே பணம்தான்

மழைக்காலம் வந்துவிட்டால் ஜபல்பூர் அதிகாரிகள் மெஸ்ஸில் வெளியே போக வழியில்லை. மதியத்திலிருந்து இரவு வரை பில்லியர்ட்ஸ் மேசைதான் ஒரே துணை. அப்போது அங்கே பிரபலமாக இருந்தவை பந்தய ஆட்டங்கள். உண்மையில் பூல் என்ற பெயரே ஆட்டக்காரர்கள் சேர்த்துப் போடும் பொதுப் பணத்தைக் குறித்ததுதான்.

'லைஃப் பூல்' ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். எல்லோரும் சமமாகப் பணம் போட வேண்டும். உங்கள் பந்தை ஒருவர் பாக்கெட்டில் தள்ளினால் உங்களுக்கு ஓர் உயிர் போகும், தள்ளியவருக்குக் காசும் கொடுக்க வேண்டும். கடைசி வரை உயிரோடு நிற்பவருக்கு மொத்தப் பணமும். 'பிரமிட்ஸ்' ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகள். விழும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விலை. 'பிளாக் பூல்' என்பது லைஃப் பூலில் ஒரு கறுப்புப் பந்தையும் சேர்த்த ஆட்டம். கைதேர்ந்தவருக்கு வரவு, மற்றவர்களுக்குச் செலவு.

இந்த ஆட்டங்களை ஒரே மேசையில் கலந்து பார்த்தார் சேம்பர்லின். பிரமிட்ஸின் 15 சிவப்புப் பந்துகள், பிளாக் பூலின் கறுப்பு, கூடவே இன்னும் சில நிறப் பந்துகள். அவர் பின்னாளில் சொன்ன கணக்குப்படி இது நடந்தது 1875-ல்.

ஒரு கிண்டல், ஒரு பெயர்

ஒருநாள் மெஸ்ஸுக்கு வந்த இளம் அதிகாரி ஒருவர், இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ அகாடமியில் படித்தவர். அங்கே முதலாமாண்டு மாணவர்களை 'ஸ்நூக்கர்' என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நம்ம ஊர் காலேஜ் ராகிங்கில் ஜூனியருக்குப் பட்டப்பெயர் வைப்பது போலத்தான்.

கொஞ்ச நேரத்தில், மூலைப் பாக்கெட் பக்கத்தில் இருந்த பந்தை ஒருவர் தவறவிட்டார். சேம்பர்லின் சட்டென்று அவரை ஸ்நூக்கர் என்று கேலி செய்தார். எதிராளியின் முகம் வாடுவதைப் பார்த்து, இந்தப் புது ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தானே என்று சமாதானமும் சொன்னார். பெயர் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஊட்டியில் என்ன நடந்தது?

1876-ல் சேம்பர்லின் சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் படைக்கு மாறினார். அடுத்து ஆப்கன் போர். 1881-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் வந்தபோது, அவருடன் சேம்பர்லினும் வந்தார். கோடை வந்தால் நிர்வாகமே ஊட்டிக்கு ஏறிவிடும் காலம் அது. வெவ்வேறு படைப்பிரிவுகளின் அதிகாரிகள் ஊட்டி கிளப்பில் கூடினார்கள்.

காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் விதி தெளிவாக இல்லை என்றால் சண்டைதான். ஸ்நூக்கருக்கான விதிகளை அங்கேதான் எழுத்தில் கொண்டுவந்தார் சேம்பர்லின். பில்லியர்ட்ஸ் அறையில் அவை தொங்கவிடப்பட்டன. மெஸ்ஸுக்கு மெஸ் வாய்வழியாகப் போன ஒரு பந்தய ஆட்டம், எல்லோருக்கும் பொதுவான விளையாட்டாக மாறியது இங்கேதான்.

சாம்பியன் கேட்டு வந்தார்

இங்கிலாந்தில் அப்போது பில்லியர்ட்ஸின் உச்ச நட்சத்திரம் ஜான் ராபர்ட்ஸ் ஜூனியர். (தளபதி ராபர்ட்ஸுக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) பந்தயத் தொகை வைத்து ஒருவரை ஒருவர் சவாலுக்கு அழைத்து ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் முதலிடம் அவருக்குத்தான். இந்தியாவுக்குப் பலமுறை வந்தவர். ஜெய்ப்பூர் மகாராஜாவின் அரண்மனை ஆட்டக்காரராகவும் இருந்தார்.

1885-ல் கொல்கத்தாவில் கூச் பெஹார் மகாராஜா கொடுத்த விருந்தில் இருவரும் சந்தித்தார்கள். ஸ்நூக்கரைக் கண்டுபிடித்தவர் எனத் தனக்கு அறிமுகம் செய்யப்பட்டவரிடம் சாம்பியன் அதன் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ராபர்ட்ஸ் வழியாகவும், ஊர் திரும்பிய ராணுவ அதிகாரிகள் வழியாகவும் ஆட்டம் கப்பலேறியது.

ஆட்டம் வளர்ந்தது, பெயர் மறைந்தது

சேம்பர்லினின் வாழ்க்கை வேறு திசையில் போனது. காஷ்மீரில் ராணுவச் செயலாளர், தென்னாப்பிரிக்கப் போரில் தளபதி ராபர்ட்ஸின் தனிச் செயலாளர், 1900 முதல் அயர்லாந்து போலீஸ் படையின் தலைவர். 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதே ஆண்டு அவர் பதவியை விட்டு விலகினார்.

இதற்கிடையில் 1900-ல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சங்கம் ஸ்நூக்கருக்குத் தன் விதிகளை வெளியிட்டது. 1927-ல் முதல் உலகத் தொழில்முறை சாம்பியன்ஷிப் நடந்தது. வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்தது 6 பவுண்டு 10 ஷில்லிங். ஆட்டம் கெத்தாக வளர்ந்தது. அதை ஆரம்பித்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

காரணம் எளிது. பந்தய ஆட்டங்களுக்கு ஸ்கோர் புத்தகம் கிடையாது. காசு கைமாறியதும் கதை முடிந்தது. யார் ஜெயித்தார், யார் ஆரம்பித்தார் என்பதெல்லாம் கூட இருந்தவர்களின் நினைவில் மட்டும்தான்.

82 வயதில் ஒரு கடிதம்

1930-களில், ஸ்நூக்கர் வூல்விச் அகாடமியில் பிறந்தது என்ற பேச்சு கிளம்பியது. பெயர் அங்கிருந்து வந்ததால் ஆட்டமும் அங்கிருந்து வந்திருக்கும் என்று நம்புவது சுலபம். 1938 மார்ச்சில் 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார் சேம்பர்லின். ஜபல்பூர் மழை, மெஸ் மேசை, ஊட்டி விதிகள் என எல்லாவற்றையும் விளக்கினார். பழைய ராணுவ நண்பர்கள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தினார்கள். 1939-ல் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கென்சி இந்த வரலாற்றை 'தி பில்லியர்ட் பிளேயர்' இதழில் எழுத, சர்ச்சை அடங்கியது. 1944 மே மாதம், 88 வயதில் சேம்பர்லின் காலமானார்.

சாட்சி சொல்லக் கூட ஆடியவர்கள் உயிரோடு இருந்ததால் அவருக்கு உரிமை கிடைத்தது. இன்னும் பத்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் வூல்விச் கதைதான் பாடப்புத்தகத்தில் நின்றிருக்கும்.

1984-ல் ஓம் அகர்வால், உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். போட்டி நடந்த ஊர், சேம்பர்லின் பதவியை இழந்த அதே டப்ளின். ஜபல்பூர் மேசையில் பிறந்த ஆட்டத்தில் இந்தியாவின் பெயர் அங்கே ஸ்கோர் புத்தகத்தில் ஏறியது. இனி அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.