கொல்லிச் சாரலில் ஒரு விருந்து

இராசிபுரம் பக்கத்திலிருந்து கொல்லிமலை ஏறுவோர்க்கு அடிவாரத்தில் எதிர்ப்படும் ஊர் முள்ளுக்குறிச்சி. குறிச்சி என்னும் ஈறே அது குறிஞ்சி நிலத்துக் குடியிருப்பு என்பதைக் காட்டும். காரி ஆண்ட முள்ளூரோடு இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வாரும் உளர். அம்முள்ளூர் திருக்கோவலூர்ப் பக்கத்து மலையூர். அதன் மன்னன் கையால்தான் கொல்லியின் தலைவன் மாண்டான். பெயரொப்புமை சில வேளைகளில் இப்படியும் விளையாடுகிறது.

அத்தலைவன் வல்வில் ஓரி. ஆதன் ஓரி என்றும் அவன் பெயர் வழங்கியது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஓரி என்னும் பெயருடைய குதிரையை உடையவன். கூத்தர்க்கு நாடுகளையே பரிசாக ஈந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனைச் சுட்டுகிறது. பிறப்பு, பெற்றோர், ஆட்சியாண்டு ஆகியவற்றைச் சங்க நூல்கள் சொல்வதில்லை. அவை சொல்வது ஒரு விருந்தை. ஒரு மனிதனை அறிய ஆட்சியாண்டைவிட அவன் இட்ட சோறு மிகுதியும் உதவும்.

அவ்விருந்தைப் பாடியவர் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாடல் அது. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே நடந்து வருகிறது. எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. ஓர் அம்பு, ஐந்து உயிர். இதனைப் புலவரின் மிகைக்கூற்று என்று தள்ளுவார் தள்ளட்டும். வல்வில் என்னும் அடைமொழி அவ்வம்பினால்தான் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

கண்டவர்க்கு ஐயம் எழுகிறது. இவன் இறைச்சி விற்கும் வேடன் போலத் தோன்றவில்லை, செல்வமுடையவனாகத் தெரிகிறான், மார்பில் ஆரம் கிடக்கிறது, ஓரிதானோ, வேறு எவனோ என்று தம்முள் பேசிக்கொள்கின்றனர். ஐயத்தை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டைத் தொடங்குகின்றனர். முழவுக்கு மண் பூசுகிறார்கள். யாழில் பண் நிறுத்துகிறார்கள். தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் சேர்ந்து ஒலிக்கின்றன. இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடித்து, அவனைக் கோ என்று விளிக்கின்றனர். அச்சொல் தன்னைக் குறிப்பதாதலால் அவன் நாணுகிறான்.

இந்நாணத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். காட்டில் அம்பும் வில்லுமாகத் தனித்து நின்றபோது இல்லாத கூச்சம், புகழ்ச்சி செவியில் விழுந்ததும் வந்துவிடுகிறது. நாடு நாடாகச் சுற்றி வருகிறோம், நின்னை ஒத்த வேட்டுவரைக் கண்டதில்லை என்று பாணர் மேலும் பேச வாயெடுக்கின்றனர். தம் தேவையை அவர்கள் சொல்வதற்கு அவன் இடங்கொடுக்கவில்லை. தான் கொன்ற மானின் நிணம் மிக்க ஊனைப் புழுக்கித் தருகிறான். உருக்கிய ஆவின் நெய் போன்ற தேறலை வார்க்கிறான். தன் மலையில் பிறந்த பொன்னை மணிக்குவியலோடு சேர்த்து அள்ளிக் கொடுக்கிறான். இவ்வளவும் அரண்மனையில் நிகழவில்லை. வழியில், காட்டின் நடுவில் நிகழ்ந்தது. அடுக்களையும் இல்லை, பந்தியும் இல்லை. வேட்டையாடியவனே விருந்து படைத்தவனும் ஆனான்.

கேட்கவிடாமல் கொடுத்தான் என்பதன் ஆழம் அவனைப் பாடிய மற்றொரு பாடலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் புலனாகும். கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடல், இரத்தலை இழிவென்று வைத்து, இரந்தவர்க்கு இல்லையெனல் அதனினும் இழிவு என்கிறது. கொடுத்தல் உயர்வு, கொள்ளாமை அதனினும் உயர்வு என்றும் அளக்கிறது. அவ்வளவுகோலின்படி, பாணர் இரக்குமுன் ஈந்த ஓரி அவர்களை ஓர் இழிவிலிருந்து காத்தான். ஊனைவிடப் பெரிய பரிசில் அதுவே எனலாம். பரிசிலுக்காக வாயில்தோறும் நின்று பழகிய கலைஞர்கள் இதனை எங்ஙனம் உணர்ந்திருப்பர் என்பதைப் பாட்டெழுதுவோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவ்விருந்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே வன்பரணர் 153ஆம் பாடலில் ஓரியிடம் சென்று மீண்டவரைக் காட்டுகிறார். வெள்ளி நாரில் தொடுத்த, நீரில் பூவாத பொற்குவளைக் கண்ணியும் அணிகலன்களும் யானைகளும் பெற்றுவிட்டனர். பசி நீங்கிவிட்டது. அதன்பின் இன்னியங்கள் முழங்கினாலும் அவர்களால் ஆட முடியவில்லை, பாட்டும் மறந்துபோயிற்று. வள்ளன்மையைப் புகழும் உத்திதான் இது என்று உரை கூறிச் செல்வது எளிது. ஆனால் பசி தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடும் என்னும் உண்மையைப் புகழ்ச்சியின் நடுவே வைத்த புலவரின் துணிவு பெரிது. புரவலன் இதனைக் கேட்டு மகிழ்ந்தானா, திகைத்தானா? பாடல் அவன் முகத்தைக் காட்டாமலே முடிந்துவிடுகிறது.

ஓரியின் முடிவு போரில் வந்தது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்று 209ஆம் பாடலில் கல்லாடனார் கூறுகிறார். செவ்வேர்ப் பலா பயன்தரும் மலையென்று அவர் கொல்லியைச் சிறப்பிப்பதும் அவ்விடத்தில்தான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் எழுவர் பட்டியலில் அருகருகே வைத்து எண்ணப்படுகின்றனர். வள்ளன்மை வேறு, வாள் வேறு என்று பழந்தமிழர் பிரித்துப் பார்த்திருந்தனர் போலும்.

அதியமான் இறந்தபோது, தன்னோடு கள்ளும் சோறும் பகிர்ந்துண்டதை எண்ணி ஔவையார் அழுதார். பாரிக்குக் கபிலர் அழுதார். ஓரியைப் பாடியனவாகப் புறநானூற்றில் கிடைப்பவை 3 பாடல்களே. அவற்றுள் கையறுநிலை ஒன்றும் இல்லை. மானூனும் தேறலும் உண்டவர் அழுதிருக்கலாம். அழுகை ஏட்டில் ஏறவில்லை. 1894ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அச்சேறியதும் அவ்விருந்துதான், இழவு அன்று.

இன்று கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடி 17, 18ஆம் நாள்களில் விழா நடைபெறுகிறது. அவன் இறந்த நாளின் ஓசையோ ஓர் அகப்பாடலின் உவமைக்குள் ஒளிந்து கிடக்கிறது. நற்றிணை 320ஆம் பாடலில், தெருவழியே ஒரு பரத்தை நடந்து சென்றதும் ஊர் முழுதும் எழுந்த ஆரவாரத்துக்கு ஒப்புக் காட்ட வேண்டியிருந்தது கபிலர்க்கு. காரியின் கொடையைப் புறநானூற்றில் பாடியவரும் அவரே. ஓரியைக் கொன்றபின் காரி அவனுடைய பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த கூச்சலை அவர் நினைவுகூர்ந்தார்.