ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) ஒரு பிரித்தானிய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனக் கருதப்படுகிறார். பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிக்காகவே இவர் பெரிதும் அறியப்பட்டாலும், திருநெல்வேலிச் சீமையின் பாறை அடுக்குகளைப் பற்றிய இவரது ஆய்வும் குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்த ஃபூட், 1858 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1862 இல் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டவர் இந்தப் பெர்சிவலே. மே 30, 1863 அன்று பல்லாவரத்தில் துருக்கல் சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டறிந்தார். 1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமத்தானங்களில் பணியாற்றினார், ஏற்காட்டில் வாழ்ந்தார்.

திருநெல்வேலியும் அடுக்கு இடைவெளியும்

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய இவரது நூல் 1883 இல் வெளியானது. படிவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இரண்டு அடுக்குகளுக்கு இடையே இருக்கவேண்டிய அடுக்கு இல்லாதபோது, அது அங்கே படியவே இல்லையா, படிந்தபின் அரிக்கப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்து விடை காண்பது அரிது. அண்டைப் பகுதிகளோடு ஒப்பிட வேண்டும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பொதிகை மலையிலிருந்து கடலோரச் சமவெளி வரை அடித்தளமாக இருப்பவை நைஸ், சார்னோகைட்டு போன்ற உருமாறிய பாறைகள். இவை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்துக்கு உள்ளானவை என்பது இன்றைய கணிப்பு. இவற்றின்மேல் நேராக அமர்ந்திருப்பவையோ மிக இளையவை: சாத்தான்குளம் அருகே பனம்பாறை மணற்கல், திருச்செந்தூர்க் கரையின் சுண்ணாம்பு கலந்த மணற்கல் (வள்ளி குகை இதில்தான் அமைந்துள்ளது), தேரிகளின் செம்மணல். இடையில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் படிவே இல்லை.

வடக்கே திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகளில் இதே இடைவெளியின் ஒரு பகுதியை கிரீத்தேசியக் காலக் கடற்படிவுகள் நிரப்புகின்றன. அவற்றை ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து, அவற்றுக்கு இடையிலும் சிறு இடைவெளிகள் இருப்பதைக் காட்டினார். மலைக்கு மேற்கே கொல்லத்தில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் உள்ளது. திருநெல்வேலியின் நிலப்பரப்பில் வெளித்தெரியாத கிரீத்தேசியப் படிவுகள், பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் கடலடியில் துளையிட்டபோது கிடைத்தன. எனவே இங்கு இல்லாத ஏடு எங்கும் இல்லாத ஏடு அன்று.

தேரியில் கிடைத்த கருவிகள்

இதே முறையை ஃபூட் மனித வரலாற்றுக்கும் பயன்படுத்தினார். குசராத்தின் சாபர்மதிப் பள்ளத்தாக்கில், அடியிலிருந்த சரளை அடுக்கில் பழைய கற்காலக் கருவிகளும், சுமார் 200 அடி தடிப்புள்ள வண்டல், காற்றடி மண் ஆகியவற்றுக்கு மேலே பிற்காலக் கருவிகளும் கிடைத்தன. இதைக் கொண்டு பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்ததாக முடிவு செய்தார்.

அந்த முடிவு நிலைக்கவில்லை. அதற்கு எதிரான சான்றுகளுள் ஒன்று இவரது சேகரிப்பிலேயே இருந்தது என்பது வியப்புக்குரியது. சாயர்புரம் (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) தேரியில் இவர் எடுத்த சிறு கற்சில்லுகள் அவை. 1956 இல் சாய்னர், ஆல்ச்சின் ஆகியோர் தேரிக் களங்களை மீளாய்வு செய்து, இந்த நுண்கற்கருவிகளைப் பழைய கடல்மட்டத்தோடும் செம்மணல் உருவான காலத்தோடும் தொடர்புபடுத்தினர். இவை இடைக்கற்காலத்தைச் சேர்ந்தவையாக இன்று வகைப்படுத்தப்படுகின்றன. சாபர்மதியில் இடையே தடித்துக் கிடந்த மண், அங்கு வாழ்ந்தோரின் தடயத்தை மறைத்திருக்கலாம். மக்கள் இல்லாமற் போனதற்கு அது சான்றாகாது. பாறைக்குச் செய்த ஒப்பீட்டை ஃபூட் கருவிகளுக்கும் முழுமையாகச் செய்திருந்தால், சாயர்புரமே அவருக்கு இதைக் காட்டியிருக்கும்.

சேகரிப்பு

1904 இல் இவரது சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதன் விளக்கப் பட்டியல் நூல்கள் இவரது மறைவுக்குப் பின் 1914, 1916 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஃபூட் கல்கத்தாவில் காலமானார்.