விடையினும் வழி பெரிது: கணித மேதை அல்-குவாரிஸ்மி

அறிஞர் பலரின் பெயர்கள் அவர்தம் நூல்களில் வாழ்கின்றன. ஒரு செயல்முறைக்கே பெயராகி, உலகத்துக் கணிப்பொறிகள் யாவற்றிலும் வாழும் பேறு மிகச் சிலருக்கே வாய்த்தது. அத்தகையோருள் தலையாயவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி.

அவர் கி.பி. 780-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பர். ஏரல் கடலுக்குத் தெற்கே, இன்றைய உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலுமாகப் பரந்துள்ள குவாரிஸ்ம் என்னும் நிலப்பகுதியே அவர் பெயரில் ஒட்டி நிற்கிறது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா அல்-மஃமூனின் காலத்தில் பக்தாத் நகரில் அவர் அறிவுப்பணி ஆற்றினார். பைத்துல் ஹிக்மா எனும் அறிவு இல்லத்தில் கிரேக்க, இந்திய, பாரசீக நூல்களின் செல்வம் அரபு மொழிக்குள் வந்து சேர்ந்த பொற்காலம் அது.

அங்கே அவர் யாத்த இயற்கணித நூலின் பெயரிலுள்ள அல்-ஜப்ர் என்னும் சொல்லே ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா ஆயிற்று. அரண்மனைப் புலவர்க்கு மட்டும் அவர் அதனை எழுதவில்லை. பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் எழும் சிக்கல்களைத் தீர்க்கவே எழுதினார். அதில் குறியீடுகள் இல்லை; எண்களும் சொற்களாலேயே சுட்டப்பட்டன.

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் யாது? இது அவர் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற கணக்கு. பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதனை 39-உடன் கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5-ஐக் கழிக்க விடை 3. இத்துடன் அவர் நின்றிருந்தால் நல்ல கணக்கராக மட்டுமே எண்ணப்பட்டிருப்பார். ஒரு சதுரத்தை வரைந்து, அதன் இரு பக்கங்களிலும் செவ்வகங்களை ஒட்டி, மூலையில் குறைபடும் இடத்தை 25 அலகுச் சதுரத்தால் நிரப்பி, இம்முறை ஏன் மெய்யாகிறது என்பதையும் கண்ணுக்குக் காட்டினார். விடை, வழி, காரணம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததே அவரது ஆசிரியப் பெருமை.

இந்திய எண்முறையை விளக்கியும் அவர் ஒரு நூல் செய்தார். பிறரிடம் பெற்ற அறிவைத் தமதென்று கொள்ளாமல், அது இந்தியருடையது என்றே அறிவித்த நேர்மை போற்றத்தக்கது. 850-ஐ ஒட்டி அவர் மறைந்தார். 1145-இல் செஸ்டர் நகரத்து ராபர்ட் இயற்கணித நூலை ஸ்பெயினில் இலத்தீனுக்கு மாற்றினார். எண்முறை நூலின் இலத்தீன் வடிவில் அவர் பெயர் அல்கோரித்மி எனத் திரிந்தது. படிப்படியாகத் தீர்வு காணும் முறைக்கு அல்காரிதம் என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது.

1956-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர்கள் கூடிச் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் ஆய்வைத் தொடங்கினர். 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அது மாணவர் கைக்கே எட்டிவிட்டது. இக்கருவிகளின் உள்ளே இயங்குவனவும் அல்காரிதங்களே. ஆனால் நம் வகுப்பறையில் காண்பதென்ன? ஏட்டில் விடை பிழையின்றி இருக்கிறது. எப்படி வந்தது என்று கரும்பலகைக்கு அழைத்தால் மாணவர் மௌனமாக நிற்கிறார். வழி பற்றிய பெயரைத் தாங்கிய கருவி, வழியையே மறைக்கும் திரையாகிவிட்டது!

குற்றம் கருவியினது அன்று; கேட்கும் முறையினது. விடையைக் கேட்பதை விட்டு, முதற்படிக்கு மட்டும் குறிப்புக் கேளுங்கள். நீங்களே செய்த கணக்கைக் காட்டி, எந்தப் படியில் தவறினேன் என வினவுங்கள். ஆங்கிலத்தில் விளங்காத பாடத்தை எளிய தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அதே வகையில் பத்துப் பயிற்சிக் கணக்குகளைத் தரச் சொல்லித் தனியே போட்டுப் பாருங்கள். கருவியும் தவறு செய்யும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டு, நூலோடும் ஆசிரியரோடும் ஒப்புநோக்குங்கள். அதன் துணையைப் பெற்றால் பெற்றதாகச் சொல்லுங்கள். இவ்வாறு பயன்படுத்துவோர்க்கு அது அயராத துணையாசிரியர். அல்லாதார்க்கு அது எழுத்துக்கூலி.

மாணவச் செல்வங்களே! பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மாமேதை 3 என்னும் சிறு விடைக்காக அத்தனை படிகளையும் எழுதி, படமும் வரைந்தார். 3 என்பதை அவர் அறியாமலா வரைந்தார்? அடுத்த கணக்கை நாம் தாமே தீர்க்க வேண்டும் என்பதற்காகவே வரைந்தார். அந்த ஆற்றலை எந்தக் கருவியிடமும் அடகு வைத்துவிடாதீர்கள்.